சத்தம் போடாத பெட்டி

ஏப்ரல் 10, திங்கள்

பள்ளியிலிருந்து பஸ்ஸில் வரும்போது சபைச் செயலர் கிருபாகரன் சார் போன் செய்தார். மே கடைசியில் வரும் பெந்தெகொஸ்தே ஞாயிறுக்குள் பாடகர் குழுவுக்கு ஒரு சின்ன ஆம்ப், கிட்டார் சத்தத்தைக் கூட்டித் தருகிற பெட்டி, வாங்க வேண்டுமாம். பெரிய ஆம்ப் இனி ஆலயத்துக்குள் வரக் கூடாது என்று கமிட்டியில் முடிவாகிவிட்டது.

"கிட்டார் வாசிக்கது நீங்க ஒருத்தர்தான டீச்சர். நீங்களே பாத்து எடுத்துக் குடுங்க. விலை கையக் கடிக்கக் கூடாது. சத்தம் சுத்தமா, மெதுவா இருக்கணும். பெரிய வெள்ளி மாதிரி இன்னொரு மட்டம் நடந்துரக் கூடாது, பாத்துக்கிடுங்க."

சரி என்றேன்.

சாயங்காலம் மாவு அரைத்தேன். உளுந்து நன்றாகப் பொங்கி வந்தது. என்னுடைய பழைய ஆம்ப் மாடிப்படிக்குக் கீழே இருக்கிறது. அதன் மேல் ஒரு போர்வையைப் போட்டு மூடினேன். தூசி படியக் கூடாது என்பதற்காகத்தான்.

ஏப்ரல் 12, புதன்

எட்டாம் வகுப்புக்குக் கணக்குத் திருப்புதல் தேர்வு. கெசியா வரவில்லை. காய்ச்சல் என்று விடுப்புக் கடிதம் வந்திருந்தது. அம்மாவின் கையெழுத்து.

கெசியா, ஜெபசிங்கின் மகள். ஜெபசிங் எங்கள் ஆலயத்தில் ஒன்பது வருடம் மைக், ஸ்பீக்கர் எல்லாம் பார்த்தவர். இப்போது இல்லை.

ஏப்ரல் 13, வியாழன்

பெரிய வெள்ளியன்று நடந்ததை ஒழுங்காக எழுதி வைக்கலாம் என்று உட்கார்ந்தேன்.

பன்னிரண்டு மணி முதல் மூன்று வரை ஆராதனை. சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு வேதபாகம், ஒரு பாட்டு, பிறகு கொஞ்ச நேரம் மௌனம். ஆறாம் வார்த்தை முடிந்து ஆலயமே அடங்கிக் கிடந்தது. ஏழாவதன் வேதபாகத்தை வாசிக்கக் கெசியா மேலே ஏறினாள். பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு அந்த இடத்தைக் கொடுத்தது எங்கள் சபையில் அதுதான் முதல் தடவை. வெள்ளைச் சுடிதார், இரட்டைப் பின்னல். புத்தகத்தைத் திறந்தாள். வாயைத் திறப்பதற்குள் அந்தச் சத்தம் வந்தது.

ஊளை. முதலில் தாழ்வாக, பிறகு ஏறி ஏறி, காதுக்குள் ஊசி இறங்குவது போல. பத்து விநாடி இருக்கும். ஜெபசிங் பின்னால் சவுண்ட் மிக்ஸரில் எல்லா மைக்கின் சத்தத்தையும் கீழே இறக்கியும் நிற்கவில்லை. முன்னால் ஓடி வந்தார். அதற்குள் நின்றுவிட்டது.

கெசியா இரண்டு காதையும் பொத்திக்கொண்டு நின்றாள். பாஸ்டர் ஐயா, "வாசிம்மா" என்றார். அவளுக்குக் குரல் வரவில்லை. பின் வரிசையில் வாலிபப் பிள்ளைகள் யாரோ சிரித்தார்கள். புத்தகத்தை அப்படியே விட்டுவிட்டு இறங்கிப் பக்கவாசல் வழியாக வெளியே போய்விட்டாள்.

ஆராதனை முடிந்ததும் பக்கத்து அறையில் வைத்துச் செயலர் ஜெபசிங்கை ஏசினார். நாங்கள் பத்துப் பேர் நின்றோம். "ஒம்பது வருசமா இந்த மைக்கப் புடிச்சிக்கிட்டு நிக்கீரே, ஒரு மூணு மணி நேரம் ஒழுங்காப் பாக்க முடியாதா வே? பெரிய வெள்ளியப் போயி நாறடிச்சிட்டீரே!" ஜெபசிங் ஒன்றும் சொல்லவில்லை. செயலர் என் பக்கம் திரும்பிக் கேட்டார். என் பக்கம் எல்லாம் சரியாகத்தான் இருந்தது என்றேன். ஈஸ்டருக்கு வர வேண்டாம் என்று ஜெபசிங்குக்குச் சொல்லிவிட்டார்கள்.

மின்சாரத்தில் ஓடும் பொருள். ஆயிரம் காரணம் இருக்கலாம்.

ஏப்ரல் 15, சனி

அவரும் நானும் வண்ணார்பேட்டையில் ஒரு கடைக்குப் போனோம். (அவர் என்றால் செல்வின், என் கணவர். மின்வாரியத்தில் இருக்கிறார்.) கடைப் பையன் வரிசையாக எடுத்து வைத்தான். உள்ளங்கையில் அடங்குகிற ஒன்று, பேட்டரியில் ஓடுவது. சோப்புப் பெட்டிக்குக் கைப்பிடி வைத்தது போல் இன்னொன்று, பத்து வாட்ஸ். பதினைந்தில் ஒன்று, முகப்பில் எட்டுத் திருகு. எதைப் போட்டாலும் அவன் முதலில் செய்தது, கரகரப்பைக் கூட்டுகிற ஒரு விசையைத் தட்டிவிட்டு லாரி கிளம்புவது போல் வாசித்ததுதான்.

"தம்பி, எனக்கு மெதுவா வேணும். சுத்தமா வேணும்."

"மெதுவா வாசிக்கதுக்கு எதுக்கு மேடம் ஆம்ப்? சும்மாவே வாசிச்சிரலாமே!"

செல்வின் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒன்றும் வாங்காமல் வந்தோம். வரும்போது அரைக் கிலோ அல்வா.

ஏப்ரல் 16, ஞாயிறு

செயலரின் அக்கா மகன் இப்போது மிக்ஸரில் உட்காருகிறான். பிரசங்கத்தில் மூன்று முறை மைக் செத்தது. யாரும் யாரையும் ஏசவில்லை.

ஏப்ரல் 19, புதன்

கெசியா வந்துவிட்டாள். மெலிந்திருக்கிறாள். சுற்றளவுக் கணக்கு ஒன்றைப் போடக் கரும்பலகைக்குக் கூப்பிட்டேன். எழுந்தாள். கடைசி பெஞ்சிலிருந்து யாரோ மெல்ல "ஊ..." என்றார்கள். பிறகு இன்னொருத்தி. எங்கள் சபைப் பிள்ளைகள் அந்த வகுப்பில் நாலைந்து பேர் உண்டு. கதை பள்ளி முழுக்கப் போயிருக்கும்.

நான் கரும்பலகை பக்கம் திரும்பிக்கொண்டு, ஏற்கெனவே எழுதியிருந்த கணக்கை அழித்து மறுபடி எழுதினேன். கேட்காதது போல.

அவள் வந்து கணக்கைச் சரியாகப் போட்டாள். சாக்பீஸை என் கையில் தராமல் மேசை மேல் வைத்துவிட்டுப் போனாள்.

இருபது வருடமாக ஆசிரியை. "யார் அது?" என்று ஒரு அதட்டல் போட எனக்குத் தெரியாதா?

ஏப்ரல் 22, சனி

இன்னொரு கடை. அங்கே வாட்ஸ் கணக்கு சொன்னார்கள். சத்தம் குறைவாக வேண்டுமானால் வாட்ஸ் குறைவாக வாங்குங்கள் என்றார் ஒருவர். வீட்டுக்கு வந்து போனில் தேடினால் அது தப்பு என்று ஒருவர் எழுதுகிறார், அதுதான் சரி என்று இன்னொருவர். மத்தியானம் முழுக்க வாசித்தேன். தலை கனத்தது.

செல்வின் பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "எதுக்கு இப்படி மண்டைய ஒடைக்க? ஜெபசிங்குட்ட கேட்டா அஞ்சு நிமிசத்துல சொல்லிருவாருல்லா."

அவர் வேலையாக இருப்பார் என்றேன். அவரிடம் போய்க் கேட்பது முறையில்லை, கமிட்டி என்னைத்தான் பார்க்கச் சொன்னது என்றேன். அவருக்குக் கிட்டார் பற்றித் தெரியாது என்றும் சொன்னேன். அது பொய் என்பது செல்வினுக்கும் தெரியும்.

ஏப்ரல் 25, செவ்வாய்

எழுதிவிடுகிறேன். யாரும் வாசிக்கப் போவதில்லை.

அந்தப் பழைய ஆம்ப், கலைந்துபோன ஒரு ஆர்க்கெஸ்ட்ராவிடமிருந்து பிப்ரவரியில் நான் வாங்கியது. நாற்பது வாட்ஸ். பெரிய வெள்ளிக்கு அதைக் கொண்டுபோனேன். காலையில் ஜெபசிங் அதன் முன்னால் ஒரு மைக்கை வைத்து, சத்தத் திருகை மூன்றில் நிறுத்தி, "இதுக்கு மேல வேண்டாம் டீச்சர், ஊளையிட்டுரும்" என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

நாகர்கோவிலிலிருந்து என் நாத்தனார் வந்திருந்தாள். நாலாம் வார்த்தை முடிந்த இடைவெளியில் பக்கத்தில் வந்து, "கீபோர்டுதான் மதினி கேக்குது. நீங்க வாசிக்கீயளா, சும்மா வச்சிக்கிட்டு இருக்கீயளா?" என்றாள். விளையாட்டாகத்தான் சொன்னாள். இருபது வருடமாக எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள். ஹெப்சி டீச்சர் கிட்டார் வைத்திருப்பார், அழகாக இருக்கும்.

ஏழுக்குத் திருப்பினேன்.

ஆறாம் பாட்டில் எல்லாருக்கும் கேட்டது. எனக்கே கேட்டது. முடிந்ததும் கிட்டாரை ஆம்பை ஒட்டி ஸ்டாண்டில் நிறுத்திவிட்டுக் கண்ணை மூடி உட்கார்ந்தேன். திருகைத் திருப்பி வைக்க மறந்துவிட்டேன். ஊளை வந்ததும் அது எங்கிருந்து வருகிறது என்று எனக்கு உடனே தெரிந்தது. குனிந்து, ஆம்பின் சத்தத்திலேயே அதிர்ந்துகொண்டிருந்த கிட்டார் கம்பிகளை உள்ளங்கையால் அமுக்கினேன். நின்றது.

என் பக்கம் எல்லாம் சரியாகத்தான் இருந்தது என்றேன்.

ஏப்ரல் 29, சனி

தேர்வுகள் முடிந்தன. ஜெபசிங்கின் கடைக்குப் போனேன். பாளை மார்க்கெட்டுக்குப் பின்னால் சின்னக் கடை. கழற்றிப் போட்ட ஒரு ஸ்பீக்கரின் வயிற்றுக்குள் தலையை விட்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து ஸ்டூலைத் துடைத்துப் போட்டார்.

"வாங்க டீச்சர். சார் நல்லா இருக்காங்களா?"

விஷயத்தைச் சொன்னேன். ஆம்ப் விஷயத்தை மட்டும். அவர் ஒரு நிமிடம் கையிலிருந்த திருப்புளியைப் பார்த்தார். பிறகு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, "வாங்க, போய்ப் பாத்துருவோம்" என்று வண்டியை எடுத்தார். நான் என் வண்டியில் பின்னால் போனேன்.

அதே வண்ணார்பேட்டைக் கடை. என் கிட்டாரையும் கொண்டுபோயிருந்தேன்.

"மொதல்ல ஒண்ணும் வாசிக்காதீய டீச்சர். ஆன் பண்ணி, திருகப் பாதிக்கு மேல வச்சிட்டுச் சும்மா காதக் குடுங்க."

பத்து வாட்ஸ் பெட்டி 'ஸ்' என்று இரைந்துகொண்டே இருந்தது.

"இந்த இரைச்சல் கடையில தெரியாது. ஜெப நேரத்துல தெரியும்."

அடுத்ததில் கனமான கம்பியை ஒரே ஒரு தட்டுத் தட்டச் சொன்னார். "கையெடுத்துருங்க. அது தானா அடங்குற வரைக்கும் கேளுங்க." கம்பியின் ஓசைக்கு அடியில் ஏதோ தகரம் அதிர்ந்தது. "ஸ்பீக்கர் மூணு இஞ்சு. அடிக் கம்பியத் தாங்காது. மெதுவாத்தான வாசிக்கப் போறோம்னு எல்லாரும் சின்னதா வாங்கிருதாங்க. அதுல கொறச்சு வச்சா டப்பா மாதிரி கேக்கும், கூட்டுனா ஒடைஞ்சிரும். கொஞ்சம் பெருசா வாங்கிக் கம்மியா வச்சிக்கிடணும். அப்பதான் சுத்தம்."

என்னுடையது மரக்கிட்டாருக்குள், கம்பியின் ஓசையைப் பிடித்து ஆம்புக்கு அனுப்பும் பிக்கப் வைத்தது. அந்த மாதிரிக்கென்றே தனியாக வருகிற ஆம்ப் ஒன்று மேல் தட்டில் இருந்தது. இருபது வாட்ஸ், எட்டு இஞ்சு ஸ்பீக்கர், மூன்றே திருகு. மூலையில் தோல் கிழிந்திருந்ததால் விலையைக் குறைத்தார்கள். அதை மேசை மேல் காது உயரத்துக்கு வைத்து வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். கிட்டாரின் சத்தம் கிட்டாரின் சத்தமாகவே வந்தது, அவ்வளவுதான். கடைப் பையன் கூடப் பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்டான்.

"இதான்" என்றார் ஜெபசிங். அவர் முகத்தில் கொஞ்சம் சந்தோஷம் தெரிந்தது.

வெளியே டீ குடித்தோம். நான் தம்ளரைப் பிடித்துக்கொண்டு, "ஜெபசிங், பெரிய வெள்ளி அன்னைக்கு..." என்று ஆரம்பித்தேன்.

"தெரியும் டீச்சர்."

ரோட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "ஓடி வந்து குனிஞ்சப்பவே பாத்தேன், ஏழுல நின்னுச்சு. எல்லாரும் பாத்துக்கிட்டு இருக்காங்களேன்னு மூணுக்குத் திருப்பி வச்சேன். உள்ள போனதும் நீங்களே சொல்லிருவீயன்னு நெனச்சேன்."

டீ ஆறிப்போயிருந்தது. அவர் தம்ளரை வைத்துவிட்டு, வேலை இருக்கிறது என்று கிளம்பினார். ஆம்பை என் வண்டியில் முன்னால் வைத்துக் கயிறு போட்டுக் கட்டித் தந்துவிட்டுத்தான் போனார்.

அவர் திருப்பி வைத்ததை நான் அன்றைக்கே பார்த்தேன். என் கால் பக்கத்தில்தான் குனிந்தார். இதைச் செவ்வாய்க்கிழமை எழுதியபோதும் விட்டுவிட்டேன்.

ஏப்ரல் 30, ஞாயிறு

புது ஆம்ப். ஆராதனை முடிந்ததும் பாஸ்டர் ஐயா பாராட்டினார். பாடகர் குழுவில் எல்லாரும் சுற்றி நின்று தொட்டுப் பார்த்தார்கள். "டீச்சர் செலக்சன்னா செலக்சன்தான்!" என்றார் கிருபாகரன் சார்.

தேங்க்ஸ் என்றேன்.

யாரோடு போய் வாங்கினேன் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மே 3, புதன்

செல்வினிடம் சொன்னேன். வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே, அவர் முகத்தைப் பார்க்காமல், முழுவதும்.

பேப்பரை மடித்து வைத்தார். பிறகு, "அந்த மனுசனக் கூட்டிக்கிட்டுக் கடைக்கு வேற போயிருக்கியே ஹெப்சி. உன்னால எப்படி முடிஞ்சுது?" என்றார். கோபமாகக் கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

எழுந்து போய்ச் சட்டையை மாட்டினார். எங்கே என்றேன். சும்மா நடந்துவிட்டு வருகிறேன் என்றார். நான் மீதி வெண்டைக்காயை நறுக்கினேன்.

மே 6, சனி

கிருபாகரன் சார் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். காபி கொடுத்தார்கள்.

முழுவதும் கேட்டுவிட்டு அவர் எழுந்து முன்கதவைச் சாத்தினார். "விடுங்க டீச்சர். முடிஞ்சுபோன விசயம். நீங்க நாலு பிள்ளைகளுக்குச் சொல்லிக் குடுக்கிறவிய, இப்ப இதப் போயிக் கிண்டுனா உங்க பேருதான் கெடும். ஜெபசிங்குக்கு என்ன, ஆம்பள, எங்கயும் பொழச்சிக்கிடுவான்."

"அவரத் திரும்பக் கூப்பிடலாமே சார்."

"அந்த எடத்துல இப்ப ஒரு பையன் இருக்கான்லா." அவருடைய அக்கா மகன். "கமிட்டி முடிவ மாத்த முடியாது. நீங்க எங்கிட்ட சொல்லிட்டீய, போதும். ஆண்டவருக்குத் தெரியும்."

படி இறங்கும்போது எனக்கு உடம்பு லேசாக இருந்தது. சொல்ல வேண்டியவரிடம் சொல்லியாகிவிட்டது, அவரே விடச் சொல்லிவிட்டார். தெருமுனை வரை அந்த நிம்மதியோடு நடந்தேன். பிறகு அந்த நிம்மதியை நினைத்து எனக்கே அருவருப்பாக இருந்தது.

மே 9, செவ்வாய்

வடகம் போட்டேன். நல்ல வெயில்.

மே 13, சனி

ஜெபசிங்கின் வீட்டுக்குப் போனேன். அவர் இல்லை. தூத்துக்குடியில் ஒரு கல்யாண மண்டபத்தில் வேலையாம், வாரத்துக்கு ஒரு நாள்தான் வருகிறாராம். அவர் மனைவி ரோஸ்லின் உட்காரச் சொன்னாள். கட்டில் முழுக்கத் தைக்க வாங்கிய ஜாக்கெட் துணிகள்.

"சபையில நாலு கல்யாணத்துக்குச் சொல்லி வச்சிருந்தாங்க டீச்சர். பெரிய வெள்ளிக்குப் பொறவு நாலும் போச்சு. எங்க வீட்டுக் கல்யாணத்துலயும் ஊளையிட்டா என்ன செய்யன்னு கேட்டாங்களாம். அதான் தூத்துக்குடிக்குப் போயிட்டாக."

அவள் குரலில் கணவன் மேல் எரிச்சல்தான் இருந்தது. "கவனமா இருந்திருக்கக் கூடாதா? சொந்தப் பிள்ள போயி நிக்குது. இவ அன்னையிலேர்ந்து அவுககிட்டப் பேசல, தெரியுமா? ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு. அப்பான்னு ஒரு வார்த்த கூப்பிடல. அவுக வந்தா இவ அடுக்களைக்குள்ள போயிருதா. சோத்த வச்சிக்கிட்டு அவுக உக்காந்திருக்கதப் பாக்க முடியல."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவர் வீட்டில் கூடச் சொல்லவில்லை.

சொன்னேன். நாற்காலியில் உட்கார்ந்தபடி சொல்ல முடியாமல் எழுந்து நின்றுகொண்டு சொன்னேன். திருகை ஏழுக்குத் திருப்பியதை, அவர் மூன்றுக்குத் திருப்பி வைத்ததை, நான் அதைப் பார்த்ததை, பிறகு சொன்ன பொய்யை.

ரோஸ்லின் கையில் இருந்த துணியை மடித்தாள், விரித்தாள், மறுபடி மடித்தாள். "எங்கிட்டக் கூட ஒரு வார்த்த சொல்லலையே" என்றாள். அதை அவள் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை.

அடுக்களை வாசலில் கெசியா நின்றாள்.

"அப்போ அது அப்பா செஞ்சது இல்லையா டீச்சர்?"

"இல்லம்மா."

"நான் போர்டுல கணக்குப் போட்டப்ப உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அவளுவ ஊளையிட்டது கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

அவள் அழவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். இருபது வருடத்தில் எத்தனையோ பிள்ளைகளை நிற்க வைத்து நான் அப்படிப் பார்த்திருக்கிறேன்.

நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். ரோஸ்லின் கையைக் காட்டி நிறுத்தினாள். "இத இங்க வச்சுச் சொல்லாதீய டீச்சர். எந்தக் கோயில்ல வச்சு அவுகள ஏசுனாங்களோ அங்கயே எல்லாருக்கும் முன்னால சொல்லுங்க. இப்பப் போயிட்டு வாங்க."

மே 21, ஞாயிறு

அறிவிப்புகள் வாசிக்கும்போது எழுந்தேன். "டீச்சர், தண்ணி வேணுமா?" என்றாள் பக்கத்தில் இருந்தவள். ஆமாம் என்றேன். குடித்துவிட்டு உட்கார்ந்தேன்.

மே 27, சனி

செல்வின் கேட்டார்: "நாளைக்கு நான் உன் பக்கத்துல நிக்கவா?"

வேண்டாம் என்றேன். அந்தத் திருகைத் திருப்பும்போது நான் தனியாகத்தான் இருந்தேன்.

மே 28, பெந்தெகொஸ்தே ஞாயிறு

ஆலயம் நிறைந்திருந்தது. வாசலில் கூட நாற்காலி. ரோஸ்லினும் கெசியாவும் பின்னால் தூணுக்குப் பக்கத்தில். ஜெபசிங் வரவில்லை.

செயலர் அறிவிப்புகளை முடித்ததும் கிட்டாரைக் கீழே வைத்துவிட்டு முன்னால் போனேன். "என்ன டீச்சர்?" என்றார் மெல்ல. "ஒரு அறிவிப்பு சார்" என்றேன். அவருக்குப் புரிந்துவிட்டது. "பொறவு பாப்போம், நேரமாச்சு" என்று மைக்கைக் கையால் மூடினார். நான் பாஸ்டர் ஐயாவைப் பார்த்தேன். அவருக்கு ஒன்றும் தெரியாது. தலையசைத்தார். செயலர் விலகினார்.

எழுதிக் கொண்டுபோன தாள் ஈரமாகிவிட்டது. பார்க்காமல்தான் சொன்னேன். "பெரிய வெள்ளி ஆராதனையில் வந்த அந்தச் சத்தம் ஜெபசிங்கின் தவறு இல்லை. என்னுடையது. அவர் வேண்டாம் என்று சொல்லியும், என் வாசிப்பு எல்லாருக்கும் கேட்க வேண்டும் என்ற ஆசையில் நான் சத்தத்தைக் கூட்டினேன். செயலர் கேட்டபோது என் பக்கம் எல்லாம் சரி என்று பொய் சொன்னேன். அவர் எனக்காகப் பேசாமல் இருந்தார். இந்தப் புது ஆம்பைத் தேர்ந்தெடுத்ததும் அவர்தான். அதையும் நான் சொல்லவில்லை. ஜெபசிங்கிடமும் அவர் வீட்டாரிடமும் சபையிடமும் மன்னிப்புக் கேட்கிறேன்."

விசிறிகளின் சத்தம் கேட்டது. அக்கா மகன் மிக்ஸர் மேல் குனிந்துகொண்டான். முன் வரிசையில் பெண்கள் ஐக்கியத் தலைவி தன் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

பாஸ்டர் ஐயா, "ஜெபம் பண்ணுவோம்" என்றார். என்ன ஜெபித்தார் என்று கேட்கவில்லை.

பாடகர் குழு வரிசைக்குத் திரும்பிப் போகாமல் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். ஆராதனை முடிந்ததும் ஓய்வுபெற்ற கம்பவுண்டர் ஒருவர் வந்து கையைப் பிடித்துவிட்டுப் போனார். மற்றவர்கள் சுற்றிக்கொண்டு போனார்கள். கிருபாகரன் சார் செருப்பை மாட்டியபடி, "இப்படி எங்கள எல்லாரையும் சேத்து அசிங்கப்படுத்தணுமா டீச்சர்?" என்றார்.

ரோஸ்லின் போகும்போது ஒரு தடவை தலையை அசைத்தாள். கெசியா முன்னாலேயே போய்விட்டாள்.

ஜூன் 1, வியாழன்

கமிட்டி ஜெபசிங்குக்குக் கடிதம் அனுப்பியிருக்கிறது, திரும்ப வரச் சொல்லி. சாயங்காலம் அவரே போன் செய்தார்.

"வர மாட்டேன்னு எழுதிக் குடுத்துட்டேன் டீச்சர். தூத்துக்குடியில வேலை நல்லாத்தான் இருக்கு."

"எம்மேல கோவம் இருக்கும்..."

"இருக்கு டீச்சர். இல்லன்னு சொன்னா பொய்." பின்னால் மண்டபத்தில் யாரோ மைக் சோதித்துக்கொண்டிருந்தார்கள். "ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வந்தேன். சாப்புட உக்காந்தேன். கெசியா வந்து எதுக்க உக்காந்தா. 'எப்பா, எனக்குப் புது ஜாமெட்ரி பாக்ஸ் வேணும்'னா."

அந்தப் பக்கம் அவரை யாரோ கூப்பிட்டார்கள். "வேற ஒண்ணும் சொல்லல. அதச் சொல்லலாம்னுதான் போன் பண்ணேன்" என்று வைத்துவிட்டார்.

ஜூன் 4, ஞாயிறு

பாடகர் குழுவிலிருந்து விலகுவதாக எழுதிக் கொடுத்தேன். யாரும் மறுக்கவில்லை. ஆம்பை எடுத்து நன்றாகத் துடைத்து வைத்துவிட்டு வந்தேன். செல்வின் வாசலில் வண்டியோடு காத்திருந்தார்.

ஜூன் 12, திங்கள்

பள்ளி திறந்தது. ஒன்பதாம் வகுப்பு அ பிரிவுக்கு நான் வகுப்பாசிரியை. பட்டியலில் பதினெட்டாவது பெயர் கெசியா. கூப்பிட்டபோது "உள்ளேன் டீச்சர்" என்றாள். என்னைப் பார்க்கவில்லை.

ஜூன் 14, புதன்

முதல் பாடவேளையில் கெசியா ஒரு படிவத்தை மேசை மேல் வைத்தாள். வேறு பிரிவுக்கு மாற்றக் கேட்கும் படிவம். கீழே ரோஸ்லினின் கையெழுத்து. காரணம் என்ற இடத்தில் ஒன்றும் எழுதவில்லை.

"இதுல காரணம் எழுதணும்மா."

"அம்மா எழுத வேண்டாம்னுட்டாங்க டீச்சர்." தரையைப் பார்த்தாள். "உங்களுக்குக் கஷ்டமா இருக்கும்னு."

அவளை இடத்துக்குப் போகச் சொன்னேன். வழக்கமாக இப்படிக் காலியாக வந்தால் 'குடும்பச் சூழல்' என்று நாங்களே எழுதிக்கொள்வோம். யாரும் கேட்க மாட்டார்கள். பேனாவைத் திறந்து கொஞ்ச நேரம் வைத்திருந்தேன். பிறகு என் கையெழுத்தில் எழுதினேன்: 'வகுப்பாசிரியை இம்மாணவிக்கும் இவள் தந்தைக்கும் தீங்கு செய்துள்ளார். மாணவியிடம் எந்தக் குறையும் இல்லை.' கீழே பெயர், தேதி.

இடைவேளையில் தலைமையாசிரியையிடம் கொண்டுபோனேன். கண்ணாடியை மாட்டி வாசித்தார். இன்னொரு தடவை வாசித்தார்.

"என்ன ஹெப்சி இது? இது ஃபைலுக்குப் போகும். இத இப்படியேவா வைக்கச் சொல்லுதீங்க?"

"ஆமா மேடம். அப்படியே வைங்க."